முற்றத்து மலரும் படமும்

கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கு இன்று வீட்டு முற்றம் கைத்தொலைபேசிப் படமாகவே சென்று சேர்கின்றது. ஆதலின் அப்படம் அழகாயிருத்தல் மட்டும் போதாது. உண்மையாயும் இருத்தல் வேண்டும் என்போம்.

செவ்வரத்தை காலையில் விரிந்து, பெரும்பாலும் அன்று மாலையே வாடிவிடும். அதனைப் படமெடுக்கக் காலை இளவெயிலே ஏற்றது. உச்சிவெயிலிற் சிவப்பு ஒரே திரளாகி, இதழின் நரம்புகள் மறைந்துபோகும். எடுக்குமுன் கமெராவின் ஒளியளவைச் சற்றே குறைத்தால் அவை தெளிவுறும். கரும்பச்சை இலைகளின் நடுவே பூக்கும் நந்தியாவட்டைக்கும் இது பொருந்தும். நின்றபடி கீழ்நோக்கி எடாது, பூவின் மட்டத்திற்குக் குனிவோமாக. பின்னால் உடுப்புக் காயும் கொடி தெரியுமாயின் ஓரடி விலகி நிற்போம்.

எடுத்த படத்தைத் திருத்துவதும் குற்றமன்று. சரிவை நிமிர்த்தலாம், வேண்டாத ஓரத்தை வெட்டலாம். ஆனால், பூச்சியரித்த இலையை அழித்து, மங்கிய இதழுக்குச் சாயமேற்றி அனுப்பினால், பிள்ளை காண்பது எவருடைய முற்றத்தை? வாடிய கிளையும் படத்தில் இருக்கட்டும். அதனைக் கண்டு, "செடிக்குத் தண்ணீர் விடவில்லையா, அம்மா?" என்று அப்பிள்ளை கேட்குமாயின், படம் அனுப்பிய பயன் கிட்டியதாகும்.