புல்வெளி பாழ்நிலமோ?

மரம் நடுதல் நற்செயலென்பதை மறுப்பார் ஒருவருமிலர். மாணாக்கர் பலர் கன்றுகளைச் சுமந்து ஆர்வத்தோடு மலையேறக் காண்கிறோம். அவ்வுற்சாகத்தைக் குறைப்பது நமது நோக்கமன்று. ஆயினும், நடும் இடம் எத்தகையதென்பதைச் சற்றே ஆராய வேண்டுமென விண்ணப்பஞ் செய்துகொள்கிறோம்.

உலகின் சீதோஷ்ண நிலை மாறிவருவதற்கு முக்கிய காரணம் கரியமிலவாயுவின் பெருக்கமே. யந்திரத் தொழில் ஓங்குமுன் காற்றின் பத்துலட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காயிருந்த அவ்வாயு, இப்பொழுது 420க்கு மேற்பட்டுவிட்டது. மனிதர் ஆண்டுதோறும் வெளிவிடுவதில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்றுக் குறைவானதைத் தாவரங்களும் மண்ணும் ஏற்றுக்கொள்ளாவிடின், நிலைமை இன்னுங் கொடிதாயிருக்கும்.

தாவரத்தை யாவரும் புகழ்கின்றனர். மண்ணை நினைப்பார் சிலரே. இலையானது சூரிய வெளிச்சத்தின் துணையால் அவ்வாயுவிலுள்ள கரியைத் தன் உடலாக்கிக் கொள்ளுகிறது. இலை உதிர்ந்து வேர் மடிந்து மட்குங்கால், கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் அதனைத் தின்று, பெரும்பகுதியை மீண்டும் வாயுவாகவே விட்டுவிடுகின்றன. எஞ்சிய சிறுபகுதி களிமண்ணோடு ஒட்டி நெடுங்காலந் தங்கும். இங்ஙனம் சேர்ந்த கரி, மேல் ஒரு மீட்டர் மண்ணில் மாத்திரமே, ஆகாயத்தில் உள்ளதினும் மிகுதி; உலகத் தாவரங்கள் அனைத்திலும் உள்ளதினும் மிகுதி. மண்ணைக் கிளறினால் அக்கரி காற்றோடு கலந்து வெளியேறும்.

நீலகிரியின் உச்சியைப் பாருங்கள். பள்ளங்களிற் சோலை, மேடுகளிற் புல். தொதவரின் எருமைகள் மேய்ந்த அப்புல்வெளியை, மரமில்லாக் குற்றத்திற்காகவே பாழ்நிலமென்று எண்ணினர் போலும்! 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தைலமரத்தையும் சீகைமரத்தையும் ஆஸ்திரேலியாவினின்றுங் கொணர்ந்தனர். சுதந்திரத்திற்குப் பின்னரும் தோல் பதனிடவும் கூழுக்குமாக அவை பரப்பப்பட்டன. பழியை அந்நியர்மேல் மட்டுஞ் சுமத்துதல் நேர்மையாகாது.

அப்புல் காடழிந்து முளைத்ததன்று. 1993ஆம் ஆண்டில் ராமன் சுகுமார் முதலிய விஞ்ஞானிகள், அம்மலைச் சதுப்புகளில் முற்றும் மட்காது படிந்த கரிய மண்ணை ஆராய்ந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் சீதோஷ்ண வரலாற்றை வெளியிட்டனர். மரமும் வெப்பநாட்டுப் புல்லும் கரியை ஏற்கும் முறை வேறாதலின், எக்காலத்தில் எது ஓங்கியிருந்ததென்று அம்மண்ணே காட்டிக்கொடுத்தது. மனிதர் கோடரியெடுக்கும் முன்னரே அங்குப் புல் இருந்தது.

சீகை விரைவாய் வளர்ந்து மிக்க கரியைச் சேர்க்குமன்றோவெனச் சிலர் வினவுவர். உண்மையே, ஆனால் மரத்திற் சேர்ந்தது வெட்டுக்கும் நெருப்புக்கும் எளிதில் இரையாகும். புல்லோ, மேலே எரியினும் வேரினின்று தழைக்கும்; அதன் சேமிப்பிற் பெரும்பகுதி நிலத்தடியிலேயே உளது.

ஆதலின், மரமிழந்த நிலத்தில் அவ்விடத்திற்குரிய மரங்களை நடுக. புல்வெளியிற் குழிவெட்ட வேண்டாமென்பதே நமது கருத்து. மலைக்குச் செல்லும் மாணாக்கர் கன்று நடுவதற்கு ஈடாக, புல்லினூடே தலைகாட்டும் சீகை நாற்றுகளைப் பிடுங்கலாம். அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கிப் பின்னும் முளைக்க வல்லதாகையால், ஒரு நாளில் முடியும் வேலையன்று. அடுத்த ஆண்டும் அவ்விடத்திற்கே செல்லவேண்டியிருக்கும்.