கொஞ்சம் தள்ளி உக்காருங்க

மரக்காணத்தில் பகலெல்லாம் உப்பு வாரிய கால்கள் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் வந்து மடங்கும். ஐபிஎல் மாதங்களில் அந்த பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் வழிப்போக்கன் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு "ஸ்கோர் என்னண்ணே?" என்று கேட்டால் போதும். ஸ்கோர் வரும், எவன் கேட்சை விட்டான் என்ற கதை வரும், அதற்குள் யாரோ பக்கத்து ஆளிடம் "கொஞ்சம் தள்ளி உக்காருப்பா" என்பார். எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை.

அதே ஈசிஆர் ஓரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். பூசை முடிந்ததும் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து கை கொடுத்தார். எந்த ஊரு தம்பி? எந்தப் பங்கு? அப்பா என்ன பண்றாரு? அப்புறம், "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" அந்தக் கடைசிக் கேள்வி எதற்கு என்று தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சொன்னேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கை மட்டும் விலகிவிட்டது.

"எங்கள் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது" என்பார்கள். திறந்துதான் இருக்கிறது. தகராறு பெஞ்சில். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு 2008 மார்ச்சில் போராடினார்கள். ஊர்த் தெரு வழியாகப் பிணத்தைக்கூடக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியாதவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். எல்லாத் தரப்பும் ஒரே அப்பத்தை வாங்குகிறவர்கள்!

இப்போது சேப்பாக்கத்துக்கு வாருங்கள். 1999 ஜனவரி 31. இலக்கு 271, சச்சின் 136, இந்தியா 258-க்கு ஆல் அவுட். பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. மைதானம் ஒரு நிமிஷம் செத்துப்போனது. பிறகு கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. கார்கில் போருக்குச் சில மாதங்களே இருந்தன.

ரசிகர்களைப் புனிதர்களாக்கவில்லை. 2023 அக்டோபரில் அகமதாபாத்தில், அவுட்டாகித் திரும்பிய ரிஸ்வானைப் பார்த்துக் கோஷம் போட்டவர்களும் ரசிகர்கள்தான். நம் ஊர் டோர்னமெண்டுகளிலேயே ஊர் டீம், காலனி டீம் உண்டு. ஆனாலும் டீக்கடைக்காரருக்குத் தெரிந்த ஒன்று சாமியார்களுக்குத் தெரியவில்லை. தனியாக உட்கார்ந்து கத்த முடியாது. தோனி இறங்கும்போது பக்கத்தில் ஒருத்தன் வேண்டும், அவன் யாராக இருந்தாலும் சரி. கோயிலில் புதியவன் நம் தர்மத்துக்கு ஆளாகிறவன். இங்கே அவன் இல்லாமல் நமக்கே ஆட்டம் ருசிக்காது.

இந்தக் கடற்கரைக்கு இது புதுசும் இல்லை. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அங்கே போகும் பாணனுக்கு வாசல்தோறும் பழைய கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும் என்கிறது பாட்டு. (சாமியார்கள் காபி கொடுத்தால் போதும்.)

வரவேற்புக் குழு, பேட்ஜ், ரோஜாப்பூ எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கல்லறைத் தோட்டங்களின் நடுச்சுவரை இடியுங்கள். ஒரு ஊருக்கு ஒரே சவவண்டி வையுங்கள். திருவிழாத் தேர் காலனிக்குள்ளும் வரட்டும். அடுத்த ஞாயிறு யாராவது புதிதாக வந்தால் ஊரைக் கேட்காமல் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உக்காருங்க.