அக்கோர்டியன் நமக்கெதுக்கு என்று கேட்பவர்களுக்கு

"அக்கோர்டியன் படிக்கப் போறோம்" என்று நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "சோத்துக்கு வழியப் பாருங்க." இன்னொன்று கொஞ்சம் படித்தவர்களுடையது: "நமக்குத்தான் தப்பு இருக்கே, வெள்ளைக்காரன் பெட்டி எதுக்கு?"

முதல் பதிலில் நியாயம் உண்டு. 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். மாதம் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் நல்ல அக்கோர்டியன் ஒன்றை வாங்க முடியாது. எங்கள் சண்டை இரண்டாவது பதிலோடுதான்.

அப்படியானால் ஆர்மோனியம் யாருடைய பெட்டி? அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். நம் இசைக்கு ஒத்துவராது என்று 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடையைத் தளர்த்தியது. இன்றைக்கு ஆர்மோனியம் இல்லாத மார்கழி பஜனையை நினைத்துப் பார்க்க முடியுமா? 1829இல் வியன்னாவில் காப்புரிமை பெற்ற அக்கோர்டியன் அதன் பங்காளி. இரண்டிலும் காற்றுப் பட்டு உலோக நாக்குகள்தான் அதிர்கின்றன. எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டுகளோடு அந்தச் சத்தம் வானொலி வழியாக லயத்துக்குள் வந்து எத்தனையோ காலமாச்சு. தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதான். நாங்களும்தான்.

தப்பைக் காட்டி எங்களை மடக்குகிறவர்களே, கலைவிழா மேடையில் தப்புக்குக் கைதட்டுகிறீர்கள். இழவு வீட்டில் அதே தப்பை அடிக்கிறவரைச் சாதி சொல்லித் தள்ளி நிறுத்துகிறீர்கள். உங்கள் பிள்ளையை ஒருநாளாவது அவரிடம் பழக அனுப்பினீர்களா? தப்பும் படிக்க விடமாட்டீர்கள், அக்கோர்டியனும் கூடாது என்றால், நாங்கள் கைதட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை?

சாதாரண தரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதமும் உண்டு, மேலைத்தேய சங்கீதமும் உண்டு. சங்கீத ஆசிரியரே இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு அது வெறும் பாடப் பட்டியல்.

ஆனாலும் வழி இருக்கு. வலது கைக்கு வேண்டிய கட்டைகளைப் பஜனை மடத்து ஆர்மோனியத்திலோ சேர்ச் கீபோர்டிலோ இப்போதே பழகலாம். கஷ்டம் இடது கைக்குத்தான். துருத்தியை இழுத்துத் தள்ளிக்கொண்டே, பார்க்காமல் பொத்தான்களை அழுத்த வேண்டும். 'சி' பொத்தானில் சின்னக் குழி இருக்கும். விரல் அதைத் தடவிப் பிடித்தால் ஒரு பக்கம் 'ஜி', மறுபக்கம் 'எஃப்'. இந்த மூன்றை வைத்தே எத்தனையோ பாட்டுக்குத் துணை வாசிக்கலாம்.

இதற்கு ஆளுக்கொரு பெட்டி வேண்டாம். ஒரு பாடசாலைக்கு ஒன்று போதும். முறை வைத்துப் பழகுவோம். பழைய மாணவர் சங்கங்களே, பரிசளிப்பு விழாப் பந்தலுக்குக் கொட்டும் காசில் ஒரு பங்கை இதற்குத் தாருங்கள். அதே அறையில் தப்பு ஆசானுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், மாதச் சம்பளத்தோடு. எது நம்முடைய இசை என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.