எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்?

தலை வாரக் கையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. ஈரப்புடவையை உதறிக் கொடியில் போட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. குனிந்து செருப்பு வாரை மாட்டினால் நெஞ்சை அடைக்கிறது. சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் தங்கள் நோயை அளப்பது இப்படித்தான்.

அந்த அளவையில் தவறில்லை. உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் நுரையீரல் உப்பிக் கிடக்கும்போது, கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் மூச்சுக்குக் கைகொடுக்கின்றன. கையை உயர்த்தியதும் அவற்றுக்கு இரட்டை வேலை. குனியும்போதோ வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது.

மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரி குழாயில் ஊதச் சொல்கிறார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவை அது காட்டும். நோயை உறுதிசெய்ய அந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரே அளவு ஊதும் இருவரில் ஒருவர் சந்தைக்கு நடந்து போய் வருவார். இன்னொருவர் குளித்து முடித்ததுமே கட்டிலில் சாய்ந்துவிடுவார்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2009-இல் 'கேட்' என்ற வினாத்தாள் வந்தது. இருமல், சளி, தூக்கம், வீட்டு வேலை, வெளியே போகும் தைரியம் என எட்டுக் கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 40-இல் 10-ஐத் தொட்டாலே தொந்தரவு கணிசமானது. 'கோல்ட்' என்ற சர்வதேச வழிகாட்டுதலும் 2011 முதல் நோயாளி சொல்லும் அறிகுறிகளைச் சிகிச்சை முடிவில் சேர்த்துக்கொண்டது.

கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? "எப்படி இருக்கு?" என்பார் மருத்துவர். "பரவாயில்லைங்க" என்பார் நோயாளி.

அவர் பொய் சொல்லவில்லை. மாடி ஏறுவதை நிறுத்திவிட்டார், அதனால் மாடியில் இளைப்பதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. கட்டிலைக் குளியலறைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். மூச்சுக்குத் தக்கபடி வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டவரிடம், போன பொங்கலுக்குச் செய்த எந்த வேலையை இந்தப் பொங்கலுக்கு விட்டீர்கள் என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

கேள்வியும் அவரவர் வீட்டுக்குப் பொருந்த வேண்டும். பீடியையே தொடாமல், பல ஆண்டுகள் விறகடுப்புப் புகையைச் சுவாசித்ததால் நோய் வந்த பெண்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். ஓட்டு வீட்டில் இருப்பவரிடம் மாடிப்படியைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. குடத்தைத் தூக்க முடிகிறதா, கழிப்பறையில் குந்தி எழ முடிகிறதா என்று கேட்க வேண்டும்.

இதற்குப் புது அலுவலகம் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள். திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. அவர்கள் இப்படிப்பட்ட நான்கைந்து கேள்விகளையும் கேட்கட்டும். முக்காலியில் உட்கார்ந்து குளிப்பது, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடுவது போன்றவற்றை அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். அடுத்த முறை வரும்போது, 'துணையில்லாமல் குளிக்கிறார்' என்று குறிக்க நோயாளியின் அட்டையில் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.