கள்ளையும் சம்சுவையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அதைச் சுற்றியும் நச்சு மது குடித்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், மலேசியர்களும் இருந்தார்கள். விஸ்கி, பீர் என்று முத்திரை ஒட்டி விற்ற சரக்கில் கலந்திருந்தது மெத்தனால். இப்படி ஒரு சாவு விழும்போதெல்லாம் கள்ளு, சம்சு என்னும் மலிவுச் சாராயம், வீட்டில் ஊறவைத்த பீர், கலப்பட விஸ்கி எல்லாவற்றையும் ஒரே குற்றப் பட்டியலில் சேர்த்துக் கண்டித்துவிட்டு நாம் ஓய்ந்துவிடுகிறோம். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று நீளும் வடசிலாங்கூர் தோட்டப்புறங்களுக்கு இந்தக் குழப்பம் நல்லதல்ல. நொதிக்க வைப்பது ஒன்று, காய்ச்சி வடிப்பது வேறு, கலப்படம் செய்வது முற்றிலும் வேறு. ஆபத்து எதில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காத சட்டமும் பிரச்சாரமும் உயிரைக் காப்பாற்றாது.

முதலில் நொதித்தல். பாளையைச் சீவி முட்டி கட்டியதுமே காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் பதநீரின் சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் நான்கைந்து விழுக்காடு ஆல்கஹால் சேர்கிறது. மறுநாள் புளித்து, விட்டுவிட்டால் காடியாகிறது. பீருக்கு வழி சற்று நீளம். முளைகட்டிய பார்லியை நொறுக்கி, ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சாற்றை வடிகட்டி, ஹாப்ஸ் பூ சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் இடுகிறார்கள். இதில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் அது நாக்குக்குத் தெரிந்துவிடும். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்திலேயே ஊறவிட்டால் பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் காட்டமான வாடை வீசும் பீரையே கொடுக்கும். 20 டிகிரியை ஒட்டி வைத்தால்தான் சுத்தமாக வரும். பாத்திரம் அழுக்காக இருந்தால் புளிக்கும். நொதித்து முடியுமுன் போத்தலில் அடைத்தால் வாயு அழுத்தி போத்தல் வெடிக்கும். வெடித்த கண்ணாடி கையைக் கிழிக்கலாம். ஆனால் இந்தக் கோளாறுகளில் எதுவும் பீரை மெத்தனால் நஞ்சாக்குவதில்லை. தானியம் நொதிப்பதில் உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். மனிதரைக் கொல்லும் அளவு மெத்தனால், தொழிற்சாலைக் கரைப்பானாக வாங்கி மதுவில் ஊற்றப்படுவது. அதைச் செய்வது ஈஸ்ட் அல்ல, இலாபம்.

அடுத்தது, காய்ச்சி வடிப்பதால் கூடும் வீரியம். 5 விழுக்காடு பீர் 325 மில்லி டின்னில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 37 விழுக்காடு சம்சு 150 மில்லியில் ஏறக்குறைய 44 கிராம். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு அளவு மூன்று டின் பீரைத் தாண்டிவிடுகிறது. அதையும் சில நிமிடங்களில் விழுங்கிவிடலாம். தோட்டத் தமிழ்க் குடும்பங்களைச் சம்சு அரித்ததைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக எடுத்துச் சொல்லி வந்திருக்கிறது. ஆனாலும் 1976-ஆம் ஆண்டு கலால் சட்டத்தின் கண்ணுக்கு, தீபகற்பத்தில் உரிமமின்றிச் சமையலறையில் பத்து லிட்டர் பீர் ஊறவைப்பவரும் செம்பனைக் காட்டுக்குள் சாராயம் வடித்து விற்பவரும் ஒரே வகைக் குற்றவாளிகள். சிங்கப்பூர் இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. அங்கே சொந்தக் குடிக்கு ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை நொதிக்க வைக்கலாம். காய்ச்சி வடிப்பதற்கு இடமில்லை. அமெரிக்காவும் 1978-இல் வீட்டுப் பீரை அனுமதித்தபோது வீட்டுச் சாராயத்தை அனுமதிக்கவில்லை.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு வலுவான மறுப்பு நம் வரலாற்றிலிருந்தே வருகிறது. 1941-இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. அவர் கைதானார், சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1947-இல் கெடா, பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்து எதிர்த்த கள்ளுக்கு இன்று வக்காலத்தா என்று கேட்கலாம். அவர்கள் செய்தது சரி. காலையில் கொடுத்த கூலியை மாலையில் தோட்டத்துக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் எதிர்த்தார்கள்; கள்ளுக்கடை அந்த ஏற்பாட்டின் வாசல். இன்று லயங்கள் வெறுமையாகி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. கூலியைச் சுரண்டும் இடத்தில் இப்போது நிற்பது மலிவு விலைச் சம்சு. அந்தப் போராட்டத்தை மதிப்பவர்கள் முதலில் கேள்வி கேட்க வேண்டியது அதைத்தான்.

இரண்டாவது மறுப்பு: மிதமான மதுவை விட்டுவைத்தால் மட்டும் நச்சு மது ஒழியுமா? ஒழியாது. தமிழ்நாடு 1987 முதல் கள்ளைத் தடைசெய்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மெத்தனாலுக்குப் பலியானார்கள். கள்ளுக்கு அனுமதியுள்ள கேரளத்திலும் 1982-இல் வைப்பினில் நச்சுச் சாராயம் 70 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஆக, கள்ளைத் தடுப்பதும் மருந்தல்ல, திறந்துவிடுவதும் மருந்தல்ல. மெத்தனால் எங்கிருந்து வாங்கப்படுகிறது, யார் கைக்குப் போகிறது என்ற கணக்கே மருந்து. மிதமான மதுவும் குடும்பத்தைக் கெடுக்கும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. குடிக்காதிருப்பதே நலம், குடிப்பவர் சாகாதிருப்பதும் நம் கவலையாக இருக்க வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, மதுவின் மீதான வரியும் கட்டுப்பாடும் வீரியத்துக்கு ஏற்ப ஏற வேண்டும். வீரியம் மிகுந்த மதுவே கடையில் மலிவான போதையாக இருக்கக் கூடாது. இரண்டாவது, முஸ்லிம் அல்லாதார் சொந்தப் பயனுக்குச் சிறு அளவில் நொதிக்க வைப்பதையும் காய்ச்சி வடிப்பதையும் சட்டம் பிரிக்க வேண்டும். அதுவரை இருக்கும் சட்டத்தை மீறச் சொல்லவில்லை. மூன்றாவது, தமிழிலும் நேப்பாளி, வங்காளி, பர்மிய மொழிகளிலும் தோட்டந்தோறும் சொல்ல வேண்டிய எச்சரிக்கை: மெத்தனாலை முகர்ந்தோ, சுவைத்தோ, கொளுத்திப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. குடித்துப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே பார்வை மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். அதை வெறும் போதை மயக்கம் என்று நினைத்துத் தூங்கவைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். நேரத்தில் போய்ச் சேர்ந்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காப்பாற்றும்.