மரத்தூளும் கைப்பிடிச்சுவரும்





புதுதில்லி சாணக்யபுரியில், உயர்ந்த மதில்களுக்குள் நிற்கும் தூதரகங்களுக்கும் தூதுவர் இல்லங்களுக்கும் பின்புறத்தில் பணியாளர் குடியிருப்புகள் உண்டு. சமையற்காரராகவும் தோட்டக்காரராகவும் ஓட்டுநராகவும் உழைக்கும் நம் ஜனங்களில் சிலர், வேலை முடிந்த மாலை வேளைகளில் மரவேலை செய்து குடும்ப வருமானத்திற்குச் சற்று உதவி தேடுகிறார்கள். படச்சட்டம், வசனப்பலகை, சிறு முக்காலி, பிள்ளைகளுக்கான மரப்பொம்மை என்று அவர்கள் கைகள் செய்யும் பொருட்கள் அழகானவை. அப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து வரும் கேள்வி ஒன்று உண்டு: "பாஸ்டர், ரேக்மால் தாளைக் கையால் தேய்த்துத் தேய்த்துத் தோள் வலிக்கிறது. மேஜைமேல் வைக்கும் சாண்டிங் மெஷின் ஒன்று வாங்கலாமா? எதை வாங்குவது?"

ஆவிக்குரிய பத்திரிகையில் இயந்திரத்தைப் பற்றி எழுதலாமா என்று யாரும் இடறலடைய வேண்டாம். நம் ஆண்டவரையே அவருடைய சொந்த ஊரார் தச்சன் என்றுதான் அறிந்திருந்தார்கள் (மாற்கு 6:3). ஆசரிப்புக்கூடாரத்தின் வேலைக்கென்று பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்த தேவன், மரத்தைச் சித்திரவேலையாய்ச் செய்யும் ஞானத்தையும் அவனுக்கு அருளினார் (யாத்திராகமம் 31:1-5). கைத்தொழிலின் ஞானம் கர்த்தரிடத்திலிருந்து வருகிறதென்றால், கருவியைத் தெரிந்துகொள்ளும் ஞானத்தையும் அவரிடத்தில் கேட்கலாம் அல்லவா?

இந்த இயந்திரத்தில் பொதுவாக இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, இரண்டு உருளைகளின்மேல் ஓடும் உப்புத்தாள் பட்டை. மற்றொன்று, உப்புத்தாள் ஒட்டப்பட்டுச் சுழலும் வட்டத் தகடு. கையால் அரைமணி நேரம் தேய்க்க வேண்டிய ஓரத்தை இது சில நிமிடங்களில் சமமாக்கிவிடும். ஆனால் அரைமணி நேரத்தில் எழும்பும் தூளையும் அந்தச் சில நிமிடங்களிலேயே எழுப்பிவிடும். நம் கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது.

மரத்தூள்தானே என்று நாம் எளிதாய் எண்ணிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. மூக்கின் உட்புறத்திலும் அதைச் சூழ்ந்த எலும்புக் குழிகளிலும் தோன்றும் புற்றுநோயே இதில் முக்கியமானது. ஆஸ்துமாவும் இதனால் வரக்கூடும். வடநாட்டில் மிகுதியாய்ப் புழங்கும் ஷீஷம் மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூள் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூளோ வெகுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலின் ஆழம்வரை செல்லும். தில்லியின் மாசுபட்ட குளிர்காலக் காற்றோடு இதுவும் சேர்ந்தால், ஒரே அறையில் சமைத்து, படித்து, ஜெபித்து, உறங்குகிற குடும்பத்தின் நிலை என்னவாகும்? இயந்திரத்தை இயக்குகிறவர் அதை நிறுத்திவிட்டு எழுந்துபோகலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தை எழுந்துபோக முடியாதே!

புது வீடு கட்டுகிறவன் அதன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் சுமரும் என்று நியாயப்பிரமாணம் எச்சரிக்கிறது (உபாகமம் 22:8). வீடு கட்டுவது பாவமல்ல; சுவரில்லாமல் விடுவதே குற்றம். அவ்வாறே இயந்திரம் வாங்குவது தவறல்ல. அதன் தூளுக்குக் கைப்பிடிச்சுவர் எது என்று முதலில் கேளுங்கள். இந்த வரிசையில் ஆராய்ந்து பாருங்கள்.

1. தூள் எங்கே போகிறது? பட்டைக்கும் வட்டத் தகட்டுக்கும் தூள் வெளியேறும் குழாய்வாய் இருக்கிறதா, அதில் வாக்குவம் கிளீனரின் குழாய் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். இயந்திரத்தோடு தருகிற துணிப்பை பெருந்தூளைப் பிடிக்கும்; நுண்தூள் அதன் வழியாய்க் கசிந்துவிடும். எனவே என்.95 தரமுள்ள முகக்கவசம் அவசியம், கைக்குட்டை போதாது. வேலை முடிந்தபின் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். உடுத்திய சட்டையை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தூக்குங்கள்.

2. வேலைக்கு ஏற்ற அளவா? 1 அங்குல அகலமும் 30 அங்குலச் சுற்றளவும் உள்ள குறும்பட்டை, பொம்மையின் வளைவுகளுக்கும் உளி தீட்டுவதற்கும் ஏற்றது. 4 அங்குல அகலமும் 36 அங்குலச் சுற்றளவும் உள்ள பட்டையோடு 6 அங்குல வட்டத் தகடும் சேர்ந்தது, சட்டங்களுக்கும் சிறு பலகைகளுக்கும் உதவும். வட்டத் தகட்டின் முன்னுள்ள சிறுமேஜை அசையாமல் நிற்கிறதா, 45 பாகைவரை சாய்கிறதா என்று சோதியுங்கள். படச்சட்டத்தின் மூலைகள் சரியாய்ப் பொருந்துவது இதைப் பொறுத்தது. கதவு, கட்டில் போன்ற பெரிய பரப்புகளுக்கு இவ்வகை இயந்திரம் உதவாது.

3. மின்சாரம் பொருந்துமா? சாணக்யபுரியில் இதைக் குறிப்பாய்ச் சொல்லவேண்டும். பணிக்காலம் முடிந்து தாயகம் திரும்பும் அயல்நாட்டுக் குடும்பங்கள் தங்கள் பொருட்களை மலிவாய்த் தந்துவிட்டுச் செல்வதுண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்குரியது. நம் நாட்டிலோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரடியாய் இணைத்தால் மோட்டார் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும், இண்டக்ஷன் மோட்டார் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே சுழலும். கூடுதலாய்ச் சூடேறவும் கூடும். இலவசமாய்க் கிடைத்தாலும் அதன் பெயர்த் தகட்டை வாசித்த பின்பே கைநீட்டுங்கள். எர்த் இணைப்பு இல்லாத பிளக்கில் எதையும் ஓட்டவேண்டாம்.

4. உதிரிகள் கிடைக்குமா? உப்புத்தாள் தேய்ந்து தீரும் பொருள். அந்த அளவுப் பட்டை சாவ்ரி பஜாரிலோ உங்கள் பகுதிக் கடையிலோ எளிதாய்க் கிடைக்குமா என்று விசாரித்த பின்பே வாங்குங்கள். தாளின் எண் ஏற ஏற அது மென்மையாகும். 80-இல் தொடங்கி, 120-இல் தொடர்ந்து, 180-இல் முடிப்பது பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

5. கைக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு உண்டா? வட்டத் தகடு கீழ்நோக்கிச் சுழலும் பாதியில் மட்டுமே மரத்தை வையுங்கள். மறுபாதி மரத்தை மேலே தூக்கி எறியும். கண்ணாடி அணியுங்கள், கையுறையும் துப்பட்டாவும் தொங்கும் சட்டைக்கையும் வேண்டாம். மரத்தூள் நிறைந்திருக்கும்போது இரும்பைத் தீட்டாதிருங்கள். ஒரு பொறி போதும், தீப்பற்றிக்கொள்ளும். தாளை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முன்பு உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14:28). இயந்திரத்தின் விலையை மட்டும் எழுதாதிருங்கள். வாக்குவம் கிளீனர், முகக்கவசம், கண்ணாடி, உப்புத்தாள் ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். இயந்திரத்திற்கு மாத்திரமே பணம் போதுமானால், இன்னும் வாங்கும் காலம் வரவில்லை என்றே அர்த்தம். வட்டிக்கு வாங்கி அந்தக் காலத்தை முந்தவும் வேண்டாம்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். நீங்கள் குடியிருக்கும் இடம் எஜமானருடையது. அவருடைய மின்சாரத்தில், அவருடைய கூரையின்கீழ், அவர் அறியாமல் ஒரு தொழில் நடத்துவது விசுவாசிக்குத் தகாது. முதலாவது அனுமதி கேளுங்கள். அயலாரின் உறக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் கற்கள் வெட்டுமிடத்திலேயே பணிதீர்க்கப்பட்டன. ஆலயம் கட்டப்படுகையில் சுத்தியலின் ஓசைகூட அங்கே கேட்கவில்லை (1 இராஜாக்கள் 6:7). இரைச்சலும் தூசியுமான வேலையை வேறிடத்தில் முடிப்பது வேதம் காட்டும் நல்வழி. கீர்த்தி நகர் மரச்சந்தையில் பலகையை இழைத்தே வாங்கிவந்தால் வீட்டில் மிஞ்சும் வேலை குறையும்.

தனி அறையோ திறந்த பின்கட்டோ இல்லாத, ஒரே அறையில் குடியிருக்கும் சகோதரருக்கு என் ஆலோசனை இதுவே: இப்போது வாங்காதிருங்கள். இழைத்த பலகையை வாசலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் அணிந்து கையால் தேய்த்து முடியுங்கள். வருமானம் சற்று மெதுவாய் வரும். ஆனால் பிள்ளைகளின் சுவாசத்தை விலையாய்க் கொடுத்து வராது. சபையில் மரவேலை அறிந்த இரண்டு மூன்று குடும்பங்கள் ஒருமனப்பட்டு ஒரு பொது இடத்தை வாடகைக்கு எடுத்து, ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்வது இன்னும் நலம்.

நாசரேத்தின் தச்சுப்பட்டறையை அறிந்த எங்கள் ஆண்டவரே, உழைக்கும் உமது பிள்ளைகளின் கைகளைப் பலப்படுத்தும். கருவிகளைத் தெரிந்துகொள்ள விவேகத்தையும், காத்திருக்கப் பொறுமையையும் தாரும். வீட்டிலுள்ள சிறியோரை மறவாத இருதயத்தை எங்களுக்குத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.