இழைத்தவளே விற்கட்டும்

திருவிழாக் கடைத்தெருவிலே பனையோலைப் பெட்டி வாங்குகின்றவர், அதை இழைத்த கை எதுவென்று கேட்பதில்லை. கேட்டாலும் விற்கின்றவருக்குத் தெரியாது. “அனலைதீவுச் சாமான்” என்பார். வாங்குபவரின் முகத்தைப் பார்த்து, மன்னார் என்றும் சொல்லுவார். வியாபாரத்துக்கு ஊர்களை இடம்மாற்றும் வல்லமை உண்டு. இந்த நிலை மாறவேண்டும் என்பதும், அதற்குச் செய்யவேண்டியது சிறியதொரு காரியமே என்பதும் என் எண்ணம். இழைத்தவளே நான்கு தடி நட்டுப் பந்தல் போட்டு, தன் கைவேலையைத் தன் முன்னே பரப்பி, தானே இருந்து விற்கவேண்டும். இதைச் சொன்னால் எங்கள் தீவிலே சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், காரணத்தைக் கேட்டபின் சிரிக்கட்டும்.

அனலைதீவு, ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளமேறிச் செல்லவேண்டிய சிறு தீவு. பாலம் கிடையாது. கடலும் புகையிலைத் தோட்டமும் பனையுமே அதன் செல்வம். சார்வோலையை வெட்டி, வெயிலிற் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டியதைக் கொதிக்கும் சாயத்தில் அமிழ்த்தி எடுத்து, மீண்டும் உலர்த்தி, அதன் பின்னரே எங்கள் பெண்கள் இழைக்க உட்காருவார்கள். கடகமென்றால் இழைத்ததோடு முடிந்துவிடாது; விளிம்பை நாரினாற் பொத்தவேண்டும். நார் விரலை அறுக்கும். பனி பட்டால் ஓலையிற் பூஞ்சணம் பிடிக்கும்; காய்ச்சல் மிஞ்சினால் மடிக்கும்போது முறியும். என் சின்னம்மா ஓர் இழையை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தே அதன் பதத்தைச் சொல்லிவிடுவார். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் படிக்கவில்லை.

இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்தால், எது எவர் இழைத்தது என்று எங்கள் ஒழுங்கையிலுள்ள கிழவிமார் கண்ணை மூடித் தடவியே கூறுவார்கள். ஒருத்தி மூலையை இறுக்குவாள். ஒருத்தி சிவப்பு இழைக்குப் பக்கத்தில் ஒருபோதும் பச்சையை விடமாட்டாள். பெட்டியிலே கையெழுத்துத்தான் இல்லை, கை இருக்கிறது. பின் இதை ஓவியத்தினின்று பிரித்து, ‘சாமான்’ என்று சொல்ல நாம் யார்?

கொழும்பிலே 1993ஆம் ஆண்டு தொடங்கிய ‘கலா பொல’ என்னும் திறந்தவெளிக் கலைச் சந்தையை வாசகர் அறிந்திருக்கலாம். ஜோர்ஜ் கீற் மன்றம் தொடக்கிவைத்தது அது. ஓவியர்களும் சிற்பிகளும் வீதியோர மரநிழலிலே தம் படைப்புக்களைச் சாத்திவைத்து, அருகிலே தாமே அமர்ந்திருப்பார்கள். பார்க்க வருபவர் ஓவியரிடமே பேசுவார், கேள்வி கேட்பார், சில வேளை வாங்குவார். ‘பொல’ என்பது சிங்களத்திலே சந்தை. கத்தரிக்காய் விற்கும் இடத்துக்கும் அதே சொல்தான். அச்சொல்லை வைத்துக்கொள்ள ஓவியர்கள் நாணவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. அச்சந்தை கூடிய வீதியோ ஆனந்தக் குமாரசாமியின் பெயர் தாங்கியது. 1877இற் பிறந்து 1947இல் மறைந்த அப்பெரியார், இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றி 1908இல் வெளியிட்ட பெருநூலிலே தச்சரையும் கொல்லரையும் குயவரையும் நெசவாளரையும் கலைஞராகவே கண்டு எழுதினார். கலைஞன் வேறு, கைவினைஞன் வேறு என்ற சுவரை வாழ்நாள் முழுவதும் மறுத்தவர் அவர். அவர் பெயர் கொண்ட வீதியில் ஓவியனுக்குக் கிடைத்த மரியாதை, எங்கள் இறங்குதுறையிற் கடகத்தோடு நிற்கின்ற பெண்ணுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

கடந்த ஆனியிலே இதைச் சோதித்துப் பார்த்தேன். சின்னம்மாவையும் அயலிலுள்ள வேறு மூவரையும் இணங்கவைத்து, தீவுப்பகுதித் திருவிழாவொன்றிலே கடை போட்டோம். பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கி, கடல்நீர் தெறிக்காமல் மூடி, வள்ளத்தில் ஏற்றினோம். எங்கள் தீவை அடுத்த புளியந்தீவிலிருந்து நாகமொன்று பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்தி நயினை அம்மனுக்குச் சாத்தப் போயிற்று என்பது எங்கள் பக்கத்து ஐதிகம். வழியிலே அதனைக் கருடன் மறித்ததாம். இக்காலத்துக் கருடன் யாரென்பதை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

ஆனி, சோளகக் காற்று வீசும் காலம். அதை நான் மறந்துபோனேன்; சின்னம்மா மறக்கவில்லை. “கயிறு காணாது, தம்பி” என்று இரண்டு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. பகல் பதினொரு மணிக்குக் காற்று ஒரே தூக்காகப் பந்தற் சீலையைத் தூக்கியது. பெட்டிகள் உருண்டன, தட்டுகள் பறந்தன. பூசைக்கு வந்த பிள்ளைகள் துரத்திப் பிடித்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தந்தார்கள். அவர்களின் பின்னால் தாய்மார் வந்தார்கள். கையிலெடுத்த பெட்டியைத் திரும்ப வைக்க மனம் வராமல், “இது நீங்கள் இழைச்சதோ, ஆச்சி?” என்று ஒருத்தி கேட்டாள். அன்றைக்கு முதல் விற்பனை அதுதான். காற்றுக்கு நான் நன்றி சொல்லவேண்டும்; சின்னம்மாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

பிற்பகலில் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், மூடியோடு கூடிய பெட்டியொன்றை எடுத்துப் பார்த்து விலை கேட்டார். சொன்னதும், “ஓலைதானே, அம்மா?” என்றார். சின்னம்மா கையிலிருந்த இழையை நிறுத்தாமலே சொன்னார்: “ஓலை மரத்தில சும்மாதான் நிக்குது, தம்பி. ஏறி வெட்டிக்கொண்டு போங்கோ. பெட்டியெண்டால் இதுதான் விலை.” அவர் சிரித்துவிட்டார். பிறகு குந்தியிருந்து சின்னம்மாவின் விரல்களைக் கால்மணி நேரம் பார்த்தார். சொன்ன விலைக்கே இரண்டு வாங்கினார். தம் பேத்தியார் இப்படித்தான் இழைப்பவர் என்றும், 1990இல் இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்ததெல்லாம் போயிற்று என்றும் சொன்னார். தீவுப்பகுதியை விட்டு அவ்வாண்டிலே மக்கள் பெருந்தொகையாய்ப் பெயர்ந்தார்கள். பலர் கனடா வரைக்கும் போனார்கள். அவர்களோடு கைகளும் போய்விட்டன. ஒரு பேத்தியாருக்கும் ஒரு பேத்திக்கும் இடையே அறுந்துபோன இழையை ஒரு பெட்டி முடிந்துவிடாதுதான். ஆயினும், இடைத்தரகரின் கடையிலே அந்த மனிதர் அவ்வளவு நேரம் குந்தியிருந்திருப்பாரா?

இடைத்தரகரைத் திட்டுவது என் நோக்கமன்று. விற்காத பொருளின் நட்டத்தை அவர் தலையிலே போட்டுக்கொள்கிறார்; மாரியிலும் வள்ளமேறி வருகிறார். பெண்கள் கடைத்தெருவில் இருந்தால் வீட்டில் யார் உலை வைப்பது என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. கடையிலிருக்கும் நாளெல்லாம் இழைக்காத நாளாகிவிடும் என்றார் ஒருவர். அதற்கு மறுமொழி எளிது: கடையிலிருந்தே இழைக்கலாம், இழைக்கும் கையே கடைக்கு விளம்பரம். நால்வர் ஒரு கடையைப் பங்கிட்டு முறைவைத்து இருந்தால் உலையும் வேகும். “சந்தையில் குந்துவது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை” என்ற பேச்சுக்கு மட்டும் மறுமொழி சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிள்ளையின் கொப்பிக் காசுக்குப் பெட்டியை அரைவிலைக்குக் கொடுப்பதில் என்ன அழகைக் கண்டார்களோ!

1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. ஓலைத் தொழிலைப் பேண ஓர் அமைப்பு உண்டென்பது நல்லதே. ஆனால் கடைத்தட்டு எத்துணை நல்லதாயினும் அது பொருளைக் காட்டும், முகத்தைக் காட்டாது.

உண்மையான தடை வேறொன்று. அது நிலம். திருவிழாக்களிலே கடை போடும் நிலம் கூடுதலாகக் கேட்பவருக்கே போய்ச் சேருகிறது. பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமானை மூடை மூடையாய் இறக்குகின்றவரோடு, எண்ணிப்பார்த்தால் ஐம்பது பெட்டி கொண்டுவருகின்ற பெண் எப்படிப் போட்டியிடுவாள்? நாங்கள் கடை போட்டது கூட, தெரிந்த ஒருவர் தம் இடத்தின் ஓரத்தை இரங்கி விட்டுத் தந்ததனாலேதான். கோயில் தருமகர்த்தாக்களுக்கும் உள்ளூர்ச் சபைகளுக்கும் என் வேண்டுகோள் இதுவே: வீதியின் ஒரு பக்கத்தில், நிழலுள்ள பக்கத்தில், பத்து முழ நிலத்தைத் தம் கையால் செய்ததைத் தாமே விற்போருக்கென ஒதுக்குங்கள். வாடகை பெயரளவில் இருக்கட்டும். வாங்கி விற்பவர் அங்கே நுழையாதபடி ஒரே ஒரு நிபந்தனை போதும்: கடையில் இருப்பவர் இருந்த இடத்திலேயே இழைத்துக் காட்டவேண்டும். இதிலே ஏமாற்ற முடியாது. விரல் பொய் சொல்லாது.

வரும் ஆனிக்கும் போவதென்று நால்வரும் தீர்மானித்திருக்கிறார்கள். இந்த முறை ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் இழைத்தவரின் பெயரைக் கறுத்த இழையால் வைக்கலாமென்று நான் சொன்னேன். சின்னம்மா வெட்கப்பட்டார், இரண்டு நாள் கழித்து, எழுத்துக்கு எத்தனை இழை விடவேண்டுமென்று தாமாகவே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு மட்டும் அவர்தான் வாங்குவாராம்.